தோட்டத்து ஆட்களுக்கு இது போதும்

கடைக்காரர் அதைக் கண்ணாடி மேசைமேல் வைத்தபோது பளபளத்தது. புது அலுமினியம். கூடவே ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் கறுப்பு ஒயில் சீலும் இடுக்கை அடைக்க மடித்து வைத்த தாள் பேக்கிங்கும். வெளியே கஹவத்தை டவுனில் மழை, நின்றிருந்த வாகனங்களின் கூரைகளில் எல்லாம் ஆணி அடித்துக்கொண்டிருந்தது. என் குடையிலிருந்து அவருடைய சீமெந்துத் தரைக்கு ஒரு சிற்றோடை போனது. அதை அவர் பார்த்த பார்வையில்தான் எனக்குக் கோபம் தொடங்கியது என்று நினைக்கிறேன். இல்லை, அது அதற்கு ஒரு நிமிடம் பின்னால்.

"திங்கக்கெழம எம் மகளுக்கு ஏ.எல். பரீட்ச தொடங்குது மொதலாளி. வண்டி ஓடியே ஆகணும். டைமிங் கவர் நல்லதாப் பாத்துத் தாங்க" என்று சொல்லியிருந்தேன். தமிழில் சொன்னேன். அவரும் தமிழர்தான், கல்லாவுக்கு மேலே பிள்ளையார் படத்துக்குச் செவ்வரளி வைத்திருந்தார். பக்கத்தில் நின்ற விற்பனையாளர் அவரிடம் சிங்களத்தில் கேட்டார்: உள்ளே ஒரு பழைய கவர் கிடக்கிறதே, கழற்றிப் போட்ட வண்டியில் இருந்தது, கம்பெனிச் சாமான், அதை எடுத்து வரட்டுமா? முதலாளி தலையை நிமிர்த்தவில்லை.

"வத்தே மினிஸ்ஸுன்ட ஓக எத்தி."

தோட்டத்து ஆட்களுக்கு இது போதும்.

எனக்குப் புரியாது என்று சிங்களத்தில் சொன்னார். எங்கள் மலையில் சிங்களம் தெரியாதவர் யார்? பஸ்ஸில் அது, ஆஸ்பத்திரியில் அது, பலாக்காய் கொண்டுவரும் கிராமத்துப் பெண்ணோடு அது, கோபம் முற்றினால் என் வீட்டுக்காரரைத் திட்டுவதும் அதில்தான். முதலாளிக்கு அது தோன்றவே இல்லை. லயத்துச் சேலையைப் பார்த்தார், செருப்பில் ஒட்டிய செம்மண்ணைப் பார்த்தார், முடிவு செய்துவிட்டார். நான் காசை எண்ணி வைத்தேன். பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. அதை விட்டால் மலைக்கு நடைதான். டுப்ளிகேட் மூடியை மடியில் வைத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது என் தொடையில் குத்தியது. குத்து, குத்து என்று நானும் சொல்லிக்கொண்டு போனேன்.

டைமிங் கவர் என்பது எஞ்சினின் முகத்தை மூடுகிற தகடு. அதற்குப் பின்னால் ஒரு சங்கிலி, மேலே ஒரு பல்சக்கரம், கீழே ஒரு பல்சக்கரம். எந்த நேரத்தில் மூச்சு உள்ளே போக வேண்டும், எந்த நேரத்தில் வெளியே வர வேண்டும் என்று அந்தச் சங்கிலி சொல்கிறது. அதைச் சுற்றி ஒயில் தெறித்துக்கொண்டே இருக்கும். மூடி சரியாக உட்காராவிட்டால் ஒயில் வெளியே வரும். ஒயில் போனால் எஞ்சின் போகும். எஞ்சின் போனால் எங்கள் வான் வண்டி போகும். வான் போனால் பிள்ளைகள் போவார்கள்.

இந்தக் கடைசி வரி சும்மா எழுதியதில்லை. எங்கள் தோட்டத்து மேல் டிவிஷன் பள்ளிக்கூடத்தில் ஏ.எல். என்கிற உயர்தர வகுப்பு கிடையாது. டவுனுக்குப் போகிற முதல் பஸ், பள்ளிக்கூட மணி அடித்த பிறகுதான் போய்ச் சேரும். ஆகவே என் மகளையும் இன்னும் நான்கு பெண் பிள்ளைகளையும் எங்கள் பழைய வான்தான் காலையில் இறக்கியது. முன்னொரு தடவை அது பழுதாகிக் கிடந்தபோது ஆறாவதாக ஒரு பிள்ளை இருந்தாள். வான் திரும்ப ஓடத் தொடங்கியபோது அவள் கொழும்பில் ஒரு வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய இருக்கை அப்படியே இருக்கிறது. யாரும் அதில் பை வைப்பதில்லை.

அந்த வானை முதலில் ஓட்டியது என் வீட்டுக்காரர். சீனி வியாதி அவருடைய கண்களைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுபோனது. இப்போது ஒரு கண்ணில் நிழல், மற்றக் கண்ணில் அதுவும் இல்லை. நான் லைசென்ஸ் எடுத்தேன். சந்தியில் ஆட்டோ நிறுத்தத்தில் நிற்பவர்கள் முதல் வாரம் முழுக்கக் கத்தினார்கள். "டேய் ஒதுங்குங்கடா, சமயக்கட்டு வருது!" "அக்கா, பிரேக் எதுன்னு தெரியுமா, கோலம் போட்டுக் காட்டவா?" இரண்டாவது வாரம் அவர்களில் ஒருவருடைய மனைவிக்குப் பிரசவ வலி வந்தது, மழையில் அந்தப் பாதையில் ஆட்டோ ஏறவில்லை, சமையல்கட்டுதான் போனது. அதன் பிறகு கத்துவது குறைந்தது. சிரிப்பு குறையவில்லை.

எஞ்சின் புகையத் தொடங்கியபோது அதை வீட்டிலேயே இறக்கினோம். லயத்து வரிசை வீடுகளின் இஸ்தோப்புத் திண்ணையில், எங்கள் வாசலுக்கும் அடுத்த வீட்டு வாசலுக்கும் நடுவில், ரப்பர் மரக் கட்டைகளை மூன்று காலாக நிறுத்திச் செயின் புளொக்கைத் தொங்கவிட்டு. எஞ்சின் பிளொக்கை டவுன் லேத்தில் கடைந்து கொண்டுவந்தோம். புது பிஸ்டன், புது ரிங், எல்லாம் ஏறிவிட்டன. அவர் விரலால் பார்ப்பார், நான் கண்ணால் பார்ப்பேன். இரண்டும் ஒத்துப்போகாதபோது சண்டை போடுவோம். பழைய டைமிங் கவரைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, தண்ணீர்ப் பம்ப் உட்காரும் இடத்தில் உள்ளிருந்து அரித்து, கடைசியில் ஒரு காகிதத் தடிமன்தான் மிச்சம். வருடக்கணக்காக ரேடியேட்டரில் நாங்கள் ஊற்றிய ஓடைத் தண்ணீர் தின்றது அது. அந்தத் தண்ணீரைத்தான் நாங்களும் குடிக்கிறோம். எங்களுக்குள்ளே எது எந்தத் தடிமனில் இருக்கிறதோ.

வான் தயாராகாவிட்டால் என்ன செய்வது என்று தோட்டத்து ஒபீஸுக்கும் போனேன். திங்கட்கிழமை காலையில் மட்டும் லொறியைத் தரச் சொல்லிக் கேட்டேன்.

"கொழுந்து ஏத்துற லொறியில ஆள் ஏத்த ஏலாதும்மா. சட்டம் இருக்கு" என்றார் கிளாக்கர்.

"தூரத்து மலைக்குப் புல்லு வெட்டப் போறப்ப நாப்பது பேரு அதுலதானுங்களே நிக்கிறோம்?"

"அது வேல" என்றார்.

இது பரீட்சை. ஆகவே சட்டம் இருக்கிறது.

இந்த இரண்டு கோபங்களையும் சுமந்துகொண்டு வெள்ளிக்கிழமை காலையில் புது மூடியைத் தரையில் வைத்தேன். கைப்பேசியில் ஒரு வெளிநாட்டுக்காரர் இதே வேலையைச் செய்துகாட்டினார். வெள்ளை மேசை, வெள்ளைக் கையுறை. அவருடைய மூடி 'டக்' என்று உட்கார்ந்தது. என்னுடையது உட்காரவில்லை. மூடியை இடம் பிடித்து வைப்பதற்கு எஞ்சினில் இரண்டு சின்ன முளைகள் உண்டு. ஒன்றில் ஏறியது, மற்றதில் துளை ஒரு மயிரிழை தள்ளி இருந்தது.

"அடிக்காத புள்ள" என்றார் வீட்டுக்காரர், நான் சுத்தியலைத் தொடுவதற்கு முன்பே.

"நான் எங்க அடிச்சேன்?"

"மூச்சு விட்டியே, அந்த மூச்சு தெரியும் எனக்கு. அலுமினியம் வெடிச்சிரும். அரத்த எடு."

வட்ட அரத்தால் சுரண்டினேன். ஏறியது. அவர் ஓரத்தில் விரலை ஓட்டிவிட்டு முகத்தைச் சுளித்தார். "மொகம் நேரா இல்ல. இங்கன மேடு, கீழ மூலையில பள்ளம்."

அதை எப்படிப் பார்ப்பது என்று எனக்கு அவர்தான் முன்பு சொல்லிக்கொடுத்திருந்தார். சமமான கண்ணாடி வேண்டும். வீட்டில் பெரிதாக இருந்த கண்ணாடி எங்கள் கல்யாணப் படத்துக்குப் போட்டது. ஆணியிலிருந்து இறக்கினேன்.

"எதக் கழட்டுற?"

"கல்யாணப் படத்த."

"கழட்டு. எனக்கு என்னா தெரியவா போகுது? படத்துல நீ அன்னைக்கும் மொறச்சிக்கிட்டுத்தான் நின்ன."

குங்குமத்தை ஒயிலில் குழைத்துக் கண்ணாடியில் மெல்லியதாகப் பூசி, மூடியின் முகத்தை அதன்மேல் வைத்து அசைத்து எடுத்தேன். மேடான இடங்களில் சிவப்பு ஒட்டியிருந்தது. பள்ளங்கள் வெறுமையாக இருந்தன. எமரித் தாளைக் கண்ணாடிமேல் விரித்து, எட்டுப் போடுவதுபோலத் தேய்த்தேன். திரும்பவும் குங்குமம், திரும்பவும் தேய்ப்பு. அடுத்த வீட்டு அக்கா எட்டிப் பார்த்து, "என்னா, மாப்பிள்ளைக்கு நலுங்கா?" என்றாள். கொஞ்சம் கொஞ்சமாகச் சிவப்பு முகம் முழுவதும் பரவியது. கீழ் மூலை மட்டும் வெறுமை. நகம் நுழையும் அளவுக்கு அங்கே வார்ப்பிலேயே குறை. அதற்காக மற்றதையெல்லாம் தேய்த்தால் சீல் உட்காரும் இடம் போய்விடும். நிறுத்தினேன். அந்த மூலையைப் பார்த்தபோது கல்லாவுக்குப் பின்னால் தலை நிமிராத ஒரு உச்சி வகிடு எனக்குத் தெரிந்தது.

இந்த மூலைக்குப் பேக்கிங்கோடு சேர்த்துப் பூசுகிற பசை வேண்டும். எங்களிடம் இருந்த டியூப் உள்ளேயே காய்ந்து கல்லாகியிருந்தது. போதாததற்கு, மடித்து மடித்து உறைக்குள் அடைத்திருந்த புதுப் பேக்கிங் ஓரிடத்தில் முறிந்திருந்தது. நான் பசை வாங்கச் சந்திக்கு இறங்கினேன். சந்தியில் இல்லை. பஸ் ஏறி ஓப்பநாயக்க வரைக்கும் போய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது வெளிச்சம் குறைந்திருந்தது.

இஸ்தோப்பில் இரண்டு பேர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் என் வீட்டுக்காரர். மற்றவர் அவருடைய தம்பி, என் கொழுந்தன். கீழ் டிவிஷனில் ரப்பர் பால் வெட்டுகிறவர். எஞ்சினில் மூடி ஏறியிருந்தது. போல்ட்டுகள் எல்லாம் முறுக்கியாகிவிட்டது. மட்டையில் மூடியின் படம் வரைந்து, எந்த போல்ட் எந்த இடம் என்று நான் குத்தி வைத்திருந்தபடியே சரியாகப் போட்டிருந்தார்கள். ஓரமெல்லாம் வெள்ளையாக ஒரு மெல்லிய கரை.

"அண்ணி, வேல முடிஞ்சிருச்சு. நீங்க தேத்தண்ணி குடிங்க" என்றார் கொழுந்தன்.

"பசை எங்க கெடச்சிச்சு?"

"அதெல்லாம் இருந்துச்சு" என்றார் என் வீட்டுக்காரர். அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. கண் போன பிறகு நான் கேட்டிராத பெருமை. நான் மேலே கேட்கவில்லை. தேநீர் குடித்தேன்.

சனிக்கிழமை லயத்து ஆண்கள் சேர்ந்து எஞ்சினைத் தூக்கி வானுக்குள் இறக்கினார்கள். சாவி திருப்பியதும் எடுத்துக்கொண்டது. வரிசை வரிசையாகக் கதவுகள் திறந்தன. என் மகள் புத்தகத்தோடு வெளியே வந்து, முன் கண்ணாடியில் கை வைத்து, அது அதிர்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். கோயில் வரைக்கும் போய்த் திரும்பினேன். திரும்பி நிறுத்தியபோது வானுக்குக் கீழே ஏதோ ஊர்ந்து வந்தது.

ஒயில் சொட்டும், தெரியும். இது சொட்டவில்லை. மூடியின் ஓரம் முழுவதும் பழுப்பாக, கொழகொழவென்று, அழுகிய பலாச்சுளை மாதிரி எதுவோ பிதுங்கி வந்தது. அதைச் சுற்றிக்கொண்டு ஒயில் ஒழுகியது. விரலில் எடுத்தேன். இழுத்தால் நீண்டது. மோந்து பார்த்தேன்.

அந்த வாடையை எங்கள் பக்கத்தில் பிறந்த யாருக்கும் அறிமுகம் செய்ய வேண்டாம். வாளிகளில், சட்டைகளில், தலைமயிரில், தூங்குகிறவர்களின் கைகளில் இருக்கிற வாடை.

"டேய்!" என்றேன். பத்தொன்பது வருடமாகத் 'தம்பி' என்று கூப்பிட்டவரை. "பாலா ஊத்தின?"

கொழுந்தன் சிரித்துக்கொண்டே வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் நின்றார். "பேக்கிங் முறிஞ்சி கெடந்துச்சு அண்ணி. மழையில வெட்டு இல்ல, முந்தின நாள் பால் கொஞ்சம் போத்தல்ல இருந்துச்சு. ரெண்டு பக்கமும் பூசி…"

"எஞ்சினுக்கு யாருடா ரப்பர் பால் பூசுவா?"

"நம்ம பால் ஒட்டாத சாமான் இருக்கா அண்ணி? தண்ணித் தாங்கி ஒழுகுனா அதுதான். கூரத் தகரம், செருப்பு, பந்து, டியூப்பு, அண்ணன் குடை…"

"தண்ணிக்கு நிக்கும்! ஒயில்ல ஊறினா ரப்பர் கொழஞ்சி போகும்னு தெரியாதா?"

அவருக்குத் தெரியாது. அவர் வாழ்க்கையில் ரப்பர் பால் மரத்திலிருந்து வந்து, சிரட்டையில் விழுந்து, வாளிக்குப் போய், ஸ்டோருக்குப் போய், ஷீட்டாகி லொறியில் ஏறிப் போய்விடும். அதன் பிறகு அது எங்கே என்னவாகிறது என்று யாரும் அவருக்குச் சொன்னதில்லை. இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு நான் கையில் இருந்த ஸ்பேனரைச் சுவரில் எறிந்தேன். சுண்ணாம்பு உதிர்ந்தது. "நாளண்ணைக்குப் பரீட்ச! நாளண்ணைக்கு! எல்லாரும் சேந்து எம் புள்ளைய எங்க அனுப்பப் பாக்குறீங்க? கொழும்புக்கா?"

"அவன ஏசாத" என்றார் வீட்டுக்காரர். "நாந்தான் பூசச் சொன்னேன்."

அவருடைய முகம் நான் நின்ற இடத்துக்கு ஒரு சாண் தள்ளி, கதவு நிலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரைத் திட்ட ஒரு சொல் எடுத்தேன், திட்டவில்லை. அந்தச் சொல்லும் எனக்குக் கோபமாகத்தான் மாறியது. எல்லாம் கோபமாக மாறிய நாள் அது. மழையின்மேல் கோபம், காலில் ஏறிய அட்டையின்மேல் கோபம், எட்டிப் பார்த்து "ஐயோ, கண்ணு பட்டிருச்சு" என்ற அடுத்த வீட்டு அக்காவின்மேல் கோபம்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் வானுக்கு அடியில் கிடந்தேன். ரேடியேட்டரை இறக்கி, விசிறியைக் கழற்றி, மூடியைக் கழற்றி, அடியில் ஒயில் தங்கும் சம்பையும் கழற்றினேன். சம்புக்குள் ஒயிலை உறிஞ்சும் வலையில் ரப்பர் உருண்டைகள் ஏறத் தொடங்கியிருந்தன. இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருந்தால் எஞ்சின் ஒயில் குடிக்க முடியாமல் செத்திருக்கும். கொழுந்தன் வந்து என் பக்கத்தில் படுத்தார். பழைய பிளேடால் எஞ்சின் முகத்திலிருந்து பாலைச் சுரண்டத் தொடங்கினார். மரத்தைக் காயப்படுத்தாமல் பட்டையை மட்டும் சீவுகிற கை அது. அலுமினியத்தில் ஒரு கீறல் விழவில்லை. நான் வலையில் ஏறிய உருண்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன்.

புதுப் பேக்கிங்குக்கு எங்கே போவது? டவுனில் ஞாயிறு கடை இல்லை. என் மகள் உள்ளே போய், தன் குறிப்புகளை வைத்திருந்த ஃபைலிலிருந்து தாள்களை உருவிக் கட்டிலில் அடுக்கிவிட்டு, வெறும் மட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது தடிப்பு சரியா இருக்குமாம்மா?"

"படிக்கப் போ."

"படிச்சது போதும்மா. இப்ப போய்ச் சேந்தாப் போதும்."

மட்டையை மூடியின் முகத்தில் வைத்து, ஓரத்தைச் சின்னச் சுத்தியலால் தட்டித் தட்டி வெட்டினேன். ஒயிலில் ஊறவைத்தேன். வாங்கி வந்த பசையைப் பூசி, சீலின் உதட்டில் கிரீஸ் வைத்து, மூடியை முளைகளில் ஏற்றி, எதிரெதிர் போல்ட்டுகளாகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினேன். ஒவ்வொரு முறுக்குக்கும் வீட்டுக்காரர் விரலால் ஓரத்தைத் தடவி, "ம்" என்றார். சில இடத்தில் "ம்ம்" என்றார், அப்படியென்றால் நிறுத்து. கீழ் மூலைக்கு வந்தபோது ஒன்றுமே சொல்லவில்லை.

எடுத்து ஓட்டிப் பார்த்தோம். எல்லாப் பக்கமும் காய்ந்திருந்தது. கீழ் மூலையில் ஒரு சொட்டு திரண்டது. விழுந்தது. இன்னொன்று திரண்டது. நான் செய்ததில் பிழை இல்லை, கொழுந்தன் சுரண்டியதில் பிழை இல்லை, மட்டையில் பிழை இல்லை. வார்ப்பில் குறைந்த அந்த நகத்தளவுதான் சொட்டியது. டவுன் வரைக்கும் ஏற்றமும் இறக்கமுமாக இவ்வளவு தூரம் ஓடினால் இந்தச் சொட்டு எவ்வளவாகும் என்று தெரியவில்லை. நான் தரையில் குந்திக்கொண்டு அதையே பார்த்தேன். அழுகை வரவில்லை. வந்திருந்தால் நல்லது.

கொழுந்தனும் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "அண்ணி, இது சொட்டுறது வெட்டு மரம் மாதிரித்தான்" என்றார்.

"இன்னொரு தடவ பால் கீல்னு வாயத் தொறந்த…"

"பூச வரல்ல அண்ணி. புடிக்கலாம்."

தன் வாளியிலிருந்து ஒரு தகரப் பீலியை எடுத்தார். மரத்தில் வெட்டுக்குக் கீழே பாலைத் திருப்பிவிடச் செருகுவார்களே, அது. மூடியின் கீழ் மூலைக்கு அடியில் இருந்த இடைவெளியில் அதைச் செருகி வளைத்தார். அதன் நுனிக்குக் கீழே ஒரு சிரட்டையைக் கம்பியால் கட்டினார். சொட்டு பீலியில் விழுந்து, ஓடி, சிரட்டைக்குள் இறங்கியது. ஒரு துளி தரையில் இல்லை. நான் உள்ளே போய்த் தேநீர் வடிகட்டியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். "நெறஞ்சா வடிகட்டித் திருப்பி ஊத்தணும்" என்றேன்.

திங்கட்கிழமை விடியுமுன் அப்படித்தான் போனோம். முன்னால் நானும் வீட்டுக்காரரும். அவர் எஞ்சினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வந்தார். பின்னால் ஐந்து பிள்ளைகளும், யாரும் பை வைக்காத அந்த இருக்கையில் முதல் தடவையாகக் கொழுந்தனும். ஒவ்வொரு பாலத்திலும் நிறுத்துவேன். அவர் குதித்து இறங்கி, கீழே படுத்து, சிரட்டையை எடுத்து, சூட்டோடு வடிகட்டி எஞ்சினுக்கே ஊற்றுவார். மறுபடி கட்டுவார். என் மகள் இறங்கி நின்று டோர்ச் பிடித்தாள், வேண்டாம் என்று நான் கத்தியும். பரீட்சை மண்டபத்தின் கேட்டில் இறக்கியபோது கேட் திறந்தே இருந்தது. அவர்கள் ஓடவில்லை, நடந்து போனார்கள். நடந்து போகிற அளவுக்கு நேரம் இருந்தது.

பிறகு நான் வானைத் திருப்பினேன்.

"எங்க போற?" என்றார் வீட்டுக்காரர்.

"சாமான் கடைக்கு."

கடை வாசலில், கழுவிவிட்டிருந்த சீமெந்தின்மேல், நடுவில் நிறுத்தினேன். இறங்கிக் குனிந்து கம்பியை அவிழ்த்து, சிரட்டையையும் பீலியையும் எடுத்துவிட்டேன். சொட்டு நேராக விழத் தொடங்கியது. கறுப்பு வட்டம் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று, இரண்டும் சேர்ந்து ஒன்று. சாவிக்கொத்தை விரலில் சுற்றிக்கொண்டு நின்றேன்.

முதலாளி வெளியே வந்தார். "ஏம்மா, என்னா இது? வண்டிய எடு. ஒயில் கொட்டுது தெரியல்லயா?"

நான் சிங்களத்தில் சொன்னேன், தெருவுக்கே கேட்கும்படி. "தோட்டத்து ஆட்களுக்கு இது போதும்னு நீங்கதான் சொன்னீங்க முதலாளி. உங்க வாசலுக்கும் இது போதும்."

விற்பனையாளர் கடைக்குள் தலை குனிந்துகொண்டார். பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து நின்றார். முதலாளியின் கண்கள் என் செருப்பிலிருந்து மெதுவாக மேலே வந்தன. அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. சத்தம் போடுவார் என்று நினைத்தேன். அவர் தமிழில், ஏதோ நான் அவரை ஏமாற்றிவிட்டதைப்போலச் சொன்னார்:

"சிங்களம் தெரியும்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

இவ்வளவு நாள் கழித்தும், இரவில் விழிப்பு வந்தால் அந்த வாக்கியத்துக்கு நான் பதில் தேடுகிறேன். தெரியாமல் இருந்திருந்தால்? தெரியாத பெண்ணின் பிள்ளைக்கு வளைந்த மூடி போதுமா? அன்றைக்கு, "உள்ள கெடக்கே, அந்தப் பழசக் கொண்டாங்க" என்று மட்டும் சொன்னேன்.

விற்பனையாளர் அதற்கு முன்பே பின்னறைக்குப் போயிருந்தார். தூசி படிந்த கவர் ஒன்றைச் செய்தித்தாளில் வைத்து வானுக்கே கொண்டுவந்து கொடுத்தார். இதையும் விட்டெறிந்துவிட்டு வந்தேன் என்று எழுத ஆசைதான். பரீட்சை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரர் அதை மடியில் வைத்து, கட்டைவிரலால் முகம் முழுவதும் ஒரு சுற்று வந்தார். கீழ் மூலையில் விரல் நின்றது. திரும்பவும் போனது.

"நேரா இருக்குது புள்ள" என்றார்.

கொழுந்தன் கீழே படுத்துச் சிரட்டையைத் திரும்பக் கட்டினார். சீமெந்தில் கிடந்த ஒயிலை யாரும் துடைக்கவில்லை.

பிள்ளைகள் மண்டபத்திலிருந்து வந்து ஏறினார்கள். பேப்பர் எப்படி என்று நான் கேட்கவில்லை. சந்தி தாண்டியதும் மகளே சொன்னாள்.

"மொத தாள்ல ஒரு கறுப்பு வெரல் பட்டிருச்சும்மா. டோர்ச் புடிச்சப்ப ஒட்டுன ஒயில்."

"ஐயோ. அழிச்சியா?"

"அழிச்சா இன்னும் பரவும்ல? அது மேலயே எழுதிட்டேன்."

பாலம் வந்தது. நிறுத்தினேன். கொழுந்தன் வடிகட்டியோடு இறங்கினார்.